கெடு வேறு, வேலை நேரம் வேறு: செயலி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பணிப்பட்டியல், நாட்காட்டிச் செயலிகளை வடிவமைப்போருக்கு,

வணக்கம். பணிகளை நாட்காட்டியோடு இணைத்துவிட்டோம் என்று அண்மை அப்டேட்டில் பெருமையாக அறிவித்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே திரையில் காட்டுவது நல்ல காரியம்தான். இரண்டையும் ஒரே பொருளாக்கியதுதான் வினை.

வெள்ளி மாலை 5 மணிக்குள் அனுப்பவேண்டிய அறிக்கை ஒன்று இருக்கிறது. எழுத 3 மணி நேரம் பிடிக்கும். உங்கள் செயலியில் அதற்கு இருப்பதோ ஒரே ஒரு தேதிப் பெட்டி. அதில் கெடுவைக் குறித்தால், வெள்ளி 5:00 முதல் 5:30 வரை ஒரு வண்ணக் கட்டம் முளைக்கிறது. அறிக்கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுத உட்காரச் சொல்கிறது நாட்காட்டி! அந்த அரை மணியை யாரும் கேட்கவில்லை. கட்டம் வரைய ஒரு முடிவு நேரம் தேவைப்பட்டதால் நீங்களே போட்டுக்கொண்டது. அதுவரை வாரம் முழுக்க நாட்காட்டி காலியாகத் தெரிவதால், சக ஊழியர்கள் மீட்டிங்குகளால் அதை நிரப்பிவிடுகிறார்கள். சரி, எழுதப்போகும் நேரத்தையே குறிக்கலாம் என்று புதன் காலை 10 மணி இட்டால், கெடு அழிந்துபோகிறது. புதன் கடந்ததும், இன்னும் இரண்டு நாள் இருக்கும் வேலைக்குச் சிவப்பில் ‘தாமதம்’ என்று எச்சரிக்கை வேறு.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. நாட்காட்டிச் செயலிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள வகுத்த ஐகேலண்டர் (iCalendar) என்ற பொதுத் தரநிலை 1998-லேயே பணியையும் நிகழ்வையும் பிரித்துவிட்டது. 2009-இல் வந்த அதன் திருத்திய பதிப்பான ஆர்எஃப்சி (RFC) 5545-லும் அப்படியே. அதில் பணிக்குத் தொடக்கம், கெடு, எத்தனை சதவீதம் முடிந்தது, எப்போது முடிந்தது என்று தனித்தனிப் புலங்கள் (தகவல் பெட்டிகள்) உண்டு. நேரத்தை அடைக்கிறதா இல்லையா என்ற குறி நிகழ்வுக்கு மட்டுமே. தேதியே இல்லாத பணி, முடியும்வரை ஒவ்வொரு நாளோடும் சேர்ந்து வரும் என்றும் அது சொல்கிறது. நிகழ்வு தன் நேரம் வந்தால் தானே கடந்துபோகும். பணி நாம் முடிக்காமல் போகாது. உங்கள் செயலியோ பணியை நிகழ்வாக ஏற்றுமதி செய்கிறது. ‘முடிந்தது’ என்று நாம் அடித்த டிக் போன இடம் தெரிவதில்லை.

கேட்பது இதுதான்: கெடுவுக்கு ஒரு புலம், வேலை நேரத்துக்கு வேறு புலம். ஒரு பணிக்குப் பல நேரக் கட்டங்கள் இருக்கட்டும்: புதன் 1 மணி நேரம், வியாழன் 2 மணி நேரம். கட்டத்தை நகர்த்தினால் கெடு நகரக் கூடாது. டிக் அடித்தால் மீதிக் கட்டங்கள் தாமே விடுபட வேண்டும். டிக் இல்லாமல் கட்டம் கடந்தால், பணி பட்டியலுக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் பணிகளின் கதை இன்னும் மோசம். வடிகட்டியை 30 நாளுக்கொரு முறை கழுவுவது, கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து எண்ணவேண்டியது. வாராந்திர மீட்டிங் போல அதையும் தேதி வைத்தே எண்ணினால், இரண்டு தவணை தவறியவருக்கு ஒரே வடிகட்டியை மூன்று முறை கழுவச் சொல்லும் பட்டியல் கிடைக்கிறது. (தரநிலையிலும் இதற்கு விதி இல்லை என்பது உண்மையே.)

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ‘செயற்கை நுண்ணறிவு உங்கள் நாளைத் திட்டமிடும்’ என்று மின்னும் பொத்தான் வைத்திருக்கிறீர்கள். கெடு எது, வேலை நேரம் எது என்று பிரிக்காத தரவை வைத்து அது எதைத் திட்டமிடும்? ஒருவேளை பொத்தானின் நிறத்தையோ என்னவோ.

மன்னிக்கவும், பேச்சு தடம் மாறுகிறது. அடுத்த அப்டேட்டில் கெடுவுக்கும் வேலை நேரத்துக்கும் தனித்தனிப் புலம் தாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பழைய பணிகளை மாற்றும்போது, இப்போதுள்ள தேதியைக் கெடுவாக வைத்துக்கொண்டு, வேலை நேரத்தைக் காலியாக விடுங்கள். தயவுசெய்து அங்கேயும் அரை மணி போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பயனர்கள்