‘எனக்குப் பிடித்தது’: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர் டீச்சருக்கும், பொருளாளருக்கும், இந்த வெயிலில் மாடிப்படி ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு நான் வாசித்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். “ரேஷன் ரசீது மாதிரி இருக்கே” என்று தலைவர் குறைப்பட்டார். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளம். கடலை மிட்டாய் கடைசியில்தான் வரும்.

புதியவர்கள் நாலைந்து பேர் இருப்பதால் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை இதே தகரக் கொட்டகையில் கூடுகிறோம். முறை வருகிறவர் தனக்குப் பிடித்த ஓர் இசை ஆல்பம், ஓர் இசைக்கலைஞர், ஒரு புத்தகம் ஆகிய மூன்றைப் பற்றிப் பேச வேண்டும். ‘அருமை’, ‘அற்புதம்’ என்று சொன்னால் கணக்கில் வராது. அது யார் மூலம், எந்த வயதில் தன் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். பாட்டு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஆண்டு முழுக்க மீறியவர் தலைவர் ஒருவர்தான்.

பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும், பதினொன்று நடந்தது. செப்டம்பர் 8, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். தெருமுனை ஒலிபெருக்கியோடு மோத முடியாமல் பாயைச் சுருட்டிவிட்டோம்.

முதல் கூட்டம் ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். ஐந்து நாளில் தேர்தல் என்பதால் பிரசார ஆட்டோக்கள் வேறு. அந்த இரைச்சலிலும் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டைக் கொண்டுவந்தார். 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. பாக் இறந்தது 1750, தியாகராஜர் பிறந்தது 1767. உயிரோடு சந்தித்திருக்கவே முடியாத இரண்டு பேரை ஒரே கேசட்டில் உட்கார வைத்துப் பேசவிட்டிருக்கிறார் ராஜா. அதில் ஓர் உருப்படிக்குப் பெயரே ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்தது, ‘பேசிக்கொண்டிருந்தோம்’. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முடிந்ததும் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். மளிகைக்கடை உறுப்பினர் கேட்ட கேள்விதான் இந்த ஆண்டு முழுக்க ஓடியது: “எங்க வீட்ல இருக்கிறதெல்லாம் சினிமாப் பாட்டு கேசட். அதெல்லாம் ஆல்பத்தில் சேருமா, சேராதா?”

சேராது என்று சொன்னவன் நான். பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆல்பம் என்றால் முதல் உருப்படியிலிருந்து கடைசி வரை ஒரே மனம் யோசித்துக் கோத்தது. நம் ஊர் கேசட்டோ ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் என்று வந்தது. டீச்சர் என் பக்கம். மற்றவர்கள் எதிர்ப்பக்கம். முடிவு எட்டவில்லை, காபி ஆறிப்போனது.

ஜூன் கூட்டத்தில் எலெக்ட்ரீஷியன் தம்பி காருகுறிச்சி அருணாசலத்தைத் தேர்ந்தெடுத்தார். நம் கோவில்பட்டியில் அவருக்குச் சிலையே இருக்கிறது. அதைத் தினம் கடந்து போகிற நம்மில் எத்தனை பேர் அந்த நாகஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம் என்று அவர் கேட்டபோது பலருக்குத் தரையில் ஏதோ தேட வேண்டியிருந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காக, எஸ். ஜானகி பாடிய ‘சிங்காரவேலனே தேவா’வில் வாசித்தார். அடுத்த இரண்டே ஆண்டில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். தம்பி சிறுவயதில் இந்தப் பாட்டைக் கேட்டது கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில். பந்தலுக்கு வயர் இழுக்கப் போன அப்பாவோடு போயிருக்கிறார். குரல் எங்கே முடிகிறது, குழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கத் தெரியாமல், இரண்டும் ஒரே ஆள் என்று பத்து வயது வரை நினைத்திருந்தாராம்.

ஜூலை 14 கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தபால்கார அண்ணாச்சி ஒரு பழைய அறுபது நிமிஷ கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். 1985, வேலையில் சேர்ந்து முதல் சம்பளம். ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட் வாங்கி, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் வாங்கிய கேசட். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று பாதிப் பேர் பாட்டு சேர்த்தது இப்படித்தான். கடைக்காரரிடம் இசைத்தட்டு இருக்கும். நம்மிடம் பட்டியல் இருக்கும். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறேழு பாட்டு கொள்ளும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அண்ணாச்சி மூன்று நாள் யோசித்து, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறார். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து வைத்திருக்கிறார்.

பட்டியல் தாள் அட்டைக்குள்ளேயே இருந்தது. ஏ பக்கம் முழுக்க ஜெயச்சந்திரன். ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தின் ‘மாஞ்சோலைக் கிளிதானோ’வில் தொடங்கி, ‘கடல் மீன்களி’ன் ‘தாலாட்டுதே வானம்’ வழியாக, கடைசியில் ‘வைதேகி காத்திருந்தாள்’ பாட்டு, ‘ராசாத்தி உன்ன’. ஆனால் கடைக்காரர் கணக்கில் எங்கோ பிசகு. இரண்டாம் சரணம் நடந்துகொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து, ‘டக்’. அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு நாற்பது வருஷமாக அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது. டீக்கடையில் முழுப் பாட்டும் ஓடினால், அந்த இடத்துக்கு மேல் வருவது கூடுதலாகத் தெரிகிறதாம்.

ஒரே மனம் யோசித்துக் கோத்தது என்று நான்தானே சொன்னேன்? என் கேள்விக்கு என் எதிரிலேயே பதில் உட்கார்ந்திருந்தது. மறு வாக்கெடுப்பு நடந்தது. நானும் கை தூக்கினேன். டீச்சர் மட்டும் தூக்கவில்லை.

புத்தகப் பகுதியில் ஆகஸ்டில் டீச்சர் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை எடுத்தார். அவருக்கு ஒதுக்கியது பத்து நிமிடம், எடுத்துக்கொண்டது நாற்பது. பாபுவும் யமுனாவும் இல்லை, ரங்கண்ணாதான் அந்த நாவலின் நாயகர் என்பது அவர் கட்சி. பாட்டைச் சொல்லித் தருவதற்கு முன் கேட்கச் சொல்லித் தருகிற குரு. எதிர்க்கட்சிக்குப் பேச நேரம் தரப்படவில்லை என்ற புகார் என்னிடம் எழுத்தில் இருக்கிறது, நியாயமான புகார்.

அக்டோபரில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. எடுத்துப் பேசியவர் பால் பண்ணை உறுப்பினர். கி.ரா.வின் இடைசெவல் நமக்கு அடுத்த ஊர் மாதிரி. அந்தப் பக்கமே தினம் பால் வண்டி ஓட்டிப் போய்வந்தும் 1976இல் வந்த நாவலைத் தன் நாற்பத்தெட்டாம் வயதில்தான் படித்தேன் என்று வெட்கத்தோடு சொன்னார். தெற்கே குடிபெயர்ந்து வந்து காடழித்து ஊர் கட்டிய கதை. படித்துவிட்டு வீட்டில் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினால், “இத நீ ஏன்டா புத்தகத்துல படிக்கிற, நான்தான் சின்னப் பிள்ளையில சொன்னேனே” என்றாராம். கி.ரா.வுக்கு இசைமேல் இருந்த பித்தும், விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் அவர் கிறங்கிக் கிடந்ததும் பேச்சில் வந்தது. நம் மன்றத்துக்கு இலக்கணம் கேட்டால் அவரைக் காட்டிவிடலாம்.

டிசம்பர் 8, எட்டயபுரம் பயணம். வேன் வாடகையில் மன்றத்துக்குச் சிறு நஷ்டம், பொருளாளர் சொல்வார். மூன்று நாளில் பாரதி பிறந்தநாள் என்பதால் அவர் பிறந்த வீட்டில் நல்ல கூட்டம். 1835இல் இதே ஊரில் காலமான முத்துஸ்வாமி தீட்சிதரின் சமாதியில் நாங்கள் மட்டும்தான். அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலைத் தெலுங்கில் வெளியிட்டது 1904இல், இந்த ஊரிலிருந்துதான். இசையா புத்தகமா என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பத்தியிலும் எழுதக்கூடிய ஒரு பெயர். கச்சேரி என்றால் எடுத்த எடுப்பில் ‘வாதாபி கணபதிம்’தானா, எத்தனை காலம் இதே பாட்டுகள் என்று பாரதி சங்கீதக் கட்டுரையில் சலித்துக்கொண்டதைத் தலைவர் சமாதி வாசலில் வைத்தே நினைவுபடுத்தினார். அது தீட்சிதர் கிருதி. தலைவருக்கு இடம் பொருள் ஏவல் என்றும் ஒன்று உண்டு.

ஜனவரி 12 கூட்டத்தில் முறை யாருக்கும் இல்லை. டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்திருந்தார். ஜனவரி 9 அன்று ஜெயச்சந்திரன். முதலில் 1976இல் வந்த ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டோம். ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம், ஜாகிரின் தபலா. தொடக்க உருப்படி மட்டும் பதினெட்டு நிமிடம்; இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. நியூயார்க் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்தது. கூட்டத்தின் கைதட்டலும் சேர்ந்தே கேட்கிறது.

அடுத்து அண்ணாச்சியின் கேசட். யாரும் கேட்கவில்லை; அவரே கொண்டுவந்திருந்தார். ஏ பக்கம் ஓடி, கடைசிப் பாட்டு வந்து, அதே இடத்தில் ‘டக்’. சத்தமில்லாமல் இருந்தோம். மளிகைக்கடை உறுப்பினர் விட்ட வரியிலிருந்து மெல்ல எடுத்தார், பின்னாலேயே எல்லோரும் சேர்ந்து பாட்டை முடித்துவைத்தோம். சுருதியைப் பற்றி அறிக்கையில் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. டீச்சரும் பாடினார். அது வாக்காக எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது என்று பின்னர் தெளிவுபடுத்தினார்.

பிப்ரவரியில் கல்லூரி மாணவி ஒருவர் தன் கைப்பேசியில் கோத்து வைத்திருக்கும் பாட்டு வரிசையைக் கொண்டுவந்து, “அண்ணாச்சி தாளில் எழுதினது ஆல்பம்னா இதுவும் ஆல்பம்தானே?” என்றார். இதற்கு நாடா தீராது, இடமும் தீராது. எதையும் விட வேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தில் கோப்பது என்ன பெரிய வேலை என்று எனக்குப் பட்டது. சொன்னேன். அவர் வரிசையில் பதினான்கே பாட்டு இருந்ததைக் காட்டினார். விவாதம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 9, லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய மறுநாள். இரண்டு மணி நேரமும் அதைப் பற்றியே போனது. அங்கே போய்க் கேட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை என்பது யாரையும் தடுக்கவில்லை.

இனி நிர்வாகம். இசைத்தட்டுக் கருவியின் ஊசி மாற்றப்பட்டது. மன்ற அலமாரியிலிருந்து எடுத்துப் போன புத்தகங்களில் ஏழு திரும்பவில்லை. எடுத்தவர்கள் யார் யார் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. நால்வர் இந்தக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாவது ஆள் நான். ‘மோகமுள்’ இன்னும் எண்பது பக்கம் இருக்கிறது, டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் 13. முறை, பொருளாளருக்கு. அவர் அண்ணாச்சி கேசட்டின் பி பக்கத்தைக் கேட்டிருக்கிறார். இதுவரை நாம் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கை இப்போது அவர் வாசிப்பார்.