மழைத்தண்ணீர் பிடித்தவரின் மகனுக்கு

திருகோணமலை

அன்புள்ள நண்பா,

நீ மாதக்கணக்கில் மெருகேற்றிய நியோபியக் குழி, துகள் முடுக்கியில் எலக்ட்ரான்களை மின்புலத்தால் உந்தும் அந்த உள்ளீடற்ற உலோகக் கலன், சோதனையில் பாதிவழியிலேயே எக்ஸ் கதிர்களைக் கக்கத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எழுத்தே சோர்ந்திருக்கிறது. வாசித்ததும் எனக்கு உன் அப்பாவின் நகைப் பட்டறைதான் நினைவுக்கு வந்தது.

மோதிரத்தை அமிலத்தில் தோய்த்தெடுத்தபின் கிணற்றுத் தண்ணீரை அவர் தொடமாட்டார். "உவர் படிந்துவிடும்" என்று, பானையில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரால்தான் அலசுவார். நம் இருவரையும் கிட்ட விடமாட்டார். நீயும் அதைத்தானே செய்கிறாய்? ஹைட்ரோபுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, உட்புறத்தில் நூறு மைக்ரானுக்கு மேல் கரைத்தெடுக்கிறாய். பிறகு 100 பார் அழுத்தத்தில் தூயநீரைப் பீய்ச்சுகிறாய். அதன்பின்னும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஒட்டியிருந்தால் போதும். வலிய மின்புலம் அதன் முனையிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடும். அவை சுவரில் மோதும்போது எழுவதுதான் நீ கண்ட எக்ஸ் கதிர். உலோகத்தைக் குறை சொல்லாதே. ஜெர்மனியில் எக்ஸ் கதிர் லேசருக்காகக் கட்டிய ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் முடுக்கிக்காக 700க்கும் மேற்பட்ட குழிகளைச் சோதித்தபோது, முதலில் தேறாத பலவற்றுக்கு இன்னொரு முறை நீரால் கழுவியதே போதுமாயிருந்தது.

குழிக்கு இவ்வளவு பாடும் குளிரும் எதற்கு என்று என் பேத்தி கேட்டாள். அப்போது கோணேசர் கோயிலில் பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. நியோபியம் 9.2 கெல்வினிலேயே (ஏறத்தாழ மைனஸ் 264 பாகை செல்சியஸ்) மின்தடை இல்லாத மீக்கடத்தியாகிவிட்டாலும், விநாடிக்கு 130 கோடி முறை அலைவுறும் புலத்தில் சிறிது இழப்பு எஞ்சும். அதனால்தான் திரவ ஹீலியத்தில் 2 கெல்வின்வரை குளிர்விக்கிறார்கள் என்றேன். நல்ல குழியின் தரக்காரணி, அதாவது ஆற்றலை இழக்காமல் வைத்திருக்கும் திறனின் அளவு, ஆயிரம் கோடி. விநாடிக்கு 440 முறை அதிரும் மணி ஒன்றுக்கு அந்தத் தரம் வாய்த்தால், இன்று அடித்த அடியின் ஆற்றலில் பாதி குறையவே ஏறத்தாழ ஒரு மாதமாகும். அவள் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, இரண்டு முறை சரிபார்த்தாள். எனக்கு அன்றைக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. முற்றத்து மாமரம் மட்டும் நிற்கிறது. இங்கே வாடை தொடங்கி, நேற்றிரவு முழுவதும் மழை. என் வீட்டுப் பானைகளும் நிரம்பியிருக்கின்றன.

குழியை மறுபடி கழுவு. அடுத்த சோதனை என்றைக்கு என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்