‘காலனி’ போனது, ‘ஊர்’ யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்ததைப் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இருப்பதில்லை. அதைச் சொல்பவர் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது. நகரத்தில் ரயில்வே காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிராமத்தில் அதே சொல் பட்டியல் சாதியினரின் குடியிருப்பைக் குறிப்பதால், சாதியைக் கேட்கும் நாகரிகமான வழியாகிவிட்டது. சங்க காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைப் பொதுவாகக் குறித்த ‘சேரி’யும் இப்படித்தான் தாழ்ந்தது, வேளச்சேரி, புதுச்சேரி போன்ற ஊர்ப்பெயர்களில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

முப்பதாண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது எழுத்தர், “ஊரா, காலனியா?” என்று கேட்பார், பையன் பதில் சொல்லாமல் தந்தையின் முகத்தைப் பார்ப்பான். அந்தக் கேள்வியில் என்னை உறுத்தியது ‘காலனி’யைவிட ‘ஊர்’தான், ஏனெனில் அது அவனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே புதிய பெயரை அதிகாரிகள் சூட்டாமல், அங்கு வாழும் மக்களே முன்மொழிந்து கிராம சபையில் தீர்மானிக்க அரசு வழிசெய்ய வேண்டும். ஊருக்கும் அப்பகுதிக்கும் ஒரே பெயர்ப்பலகை, அதுவும் பேருந்து நிற்கும் முதன்மைச் சாலையில் வைக்கப்பட வேண்டும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விழுப்புரம் மாவட்டம்