மீதியை எங்கே காண்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய துப்பறியும் படங்களைச் சேகரிப்போர் பற்றி ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, அதை வெறும் பொழுதுபோக்காகப் பார்த்தது வருத்தம் தருகிறது. பெரிய படங்களைப் பாதுகாக்க நிறுவனங்கள் இருக்கும். குறைந்த செலவில் எடுத்த, பெயர் போகாத குற்றப் படங்களுக்குச் சேகரிப்பாளர்களை விட்டால் பெரும்பாலும் ஆளில்லை. பாடலே இல்லாத 'அந்த நாள்' (1954) வெளிவந்தபோது சரியாக ஓடவில்லை; இன்று அதைக் கொண்டாடுகிறோம். 1945இல் வந்த 'டீடூர்' என்ற சிறிய அமெரிக்கப் படத்தை 2018இல் மீட்டெடுக்க, பெல்ஜியக் காப்பகம் ஒன்றில் கிடந்த பிரதிதான் கைகொடுத்தது.

வெள்ளவத்தையில் என் நண்பர் ஒருவர் அந்தக் காலத்தில் படங்களின் பாடல்களையும் கதைச் சுருக்கத்தையும் அச்சிட்டு விற்ற பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். கதைச் சுருக்கம் கொலை வரைக்கும் வரும், அப்புறம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். அவற்றில் சில படங்களின் பிரதி எங்கு தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. கொலையாளி யார் என்பது இன்றும் தெரியாது. இந்தத் தேடலின் ஈர்ப்பே அதுதான். கொழும்பின் ஈரக் காற்றில் சேகரிப்பாளர்களிடம் உள்ள பாட்டுப் புத்தகங்களும் பழைய படங்களின் வீடியோ கசெட்டுகளும் பூஞ்சணம் பிடிக்குமுன், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இவற்றை இரவலாகப் பெற்று, டிஜிட்டல் பிரதி எடுத்து, உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம்.

வாசகர்,
கொழும்பு 6