சாமான் அறைக்குள் ஒரு தீபாவளி

மயிலாடுதுறை,
புரட்டாசிக் கடைசி, 2025

அன்புள்ள ஓரகத்திக்கு,

இப்படிக் கூப்பிட்டால் சிரிப்பாய் என்று தெரியும். பெயர் போட்டு எழுதினால் உறவில் பாதிப் பேர் நாளைக்கே உனக்குப் போன் செய்வார்கள். அதனால் இந்தக் கடிதம் முடியும்வரை நீ எனக்கு ஓரகத்திதான்.

நேற்று சாயங்காலம் அத்தை போனில் தம்பியிடம் (உன் வீட்டுக்காரனிடம்தான்), "தீபாவளிக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வந்துடுங்க, மூணு மாசம் முடிஞ்சிடுச்சுல்ல" என்று சொன்னபோது பக்கத்தில்தான் அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. "சரிங்கத்தை." அந்தச் 'சரி' எனக்குப் பழக்கமான 'சரி'. 2017 இல் இதே வீட்டுக்கு நானும் அதைத்தான் சொன்னேன்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 18. ஐப்பசி முதல் தேதியே பண்டிகை. பெரியவன் பிறந்து எழுபத்தோரு நாள். அன்றைக்கு உன் மச்சாண்டார் போனில் எடுத்த படங்களைப் போன வாரம் எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று. பிள்ளை அத்தை மடியில், மாமா தோளில், யார் யாரோ கையில். நான் இருப்பது ஒரே ஒரு படத்தில். அதுவும் முழுசாக இல்லை. ஓரத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. இரண்டு கண்ணாடி வளையல், மணிக்கட்டில் காய்ந்துபோன பால் கறை, பிள்ளையின் பிடரியைத் தாங்கிய ஐந்து விரல். மற்றவர்களுக்கு அது யார் கை என்று தெரியுமோ என்னவோ.

மிச்ச நேரம் நான் எங்கே இருந்தேன்? கூடத்தை ஒட்டிய சாமான் அறையில். உனக்குத் தெரியும், நெல் மூட்டையும் பித்தளை அண்டாவும் கிடக்குமே, அதில். அப்போது அதற்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மடக்கு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவன் ஒரு தடவை குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் திரும்பக் கேட்பான். புழுங்கல் நெல் வாசனையும் அந்துருண்டை வாசனையும் கலந்து வரும். கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு, இலை போடும் சத்தம், "இன்னும் யாரு சாப்பிடணும்?" என்று ஒரு குரல், "எல்லாரும் ஆச்சு" என்று இன்னொரு குரல். நான் வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. இட்லி ஆறிக் கல்லாகியிருந்தது. கறிக்குழம்பில் குழம்பு இருந்தது, எலும்பு இருந்தது.

இதைச் சொல்லி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. மூன்று வருஷம் முன்பு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது, கேட்காமலே அத்தை சொன்னார்: "உம் புருஷனப் பெத்த வருஷம் நானும் அந்த ரூம்லதான் கெடந்தேன். அப்ப அங்க ஃபேன் கூட இல்ல." அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த அதிரசத்தைத் திருப்பிப் போட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை அவர் மேல் வைத்திருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். சாமான் அறைக் கதவுக்குத் தச்சரை வைத்து உள்தாழ்ப்பாள் போட்டாச்சு. மூட்டைகள் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டன. ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன், தண்ணீர்ச் செம்பு. ஆனால் நீ அதற்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. கூடத்தில் எல்லார் நடுவிலும் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்கத் தோன்றினால் அங்கேயே கொடு. மாமா எழுந்து திண்ணைக்குப் போவார், போகட்டும், அங்கே நல்ல காற்று வரும். கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றினால் சாத்திக்கொள். உனக்கு முதல் தட்டு உள்ளேயே வந்துவிடும், கறியோடு.

தேதியைப் பார்த்தாயா? பாப்பாவுக்குப் பதினாலாவது வாரத் தடுப்பூசி 16 ஆம் தேதி வாக்கில் வருகிறது, தீபாவளி 20. "ஊசி போட்டா காய்ச்சல் வரும், பண்டிகை நேரத்துல எதுக்கு, அப்புறம் போட்டுக்கலாம்" என்று ஒரு யோசனை கட்டாயம் கிளம்பும். தள்ளாதே. பெண்டாவேலன்ட் மூன்றாவது தவணை அது. காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். எடைக்கு எத்தனை சொட்டு மருந்து என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். ஊசி போட்டு ரெண்டு நாள் கழித்து, சனிக்கிழமை பகலில் கிளம்புங்கள். தம்பி கார் என்பான். பண்டிகை வாரத்தில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பிள்ளை மூன்று தடவை பால் கேட்கும். சோழன் எக்ஸ்பிரஸில் இடம் போட்டிருந்தால் அதையே பிடித்துக்கொள்.

தீபாவளியன்று விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல். பெரியவர்கள் ஆசையாகத்தான் செய்வார்கள். மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் ஒரு சொட்டு வைக்கட்டும், கும்பிடட்டும். அதோடு போதும். நம் பக்கம் பிள்ளையின் மூக்கிலும் காதிலும் ரெண்டு சொட்டு விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று எங்கள் குழந்தை டாக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் அதற்குள் விட்டாயிற்று. பெரியவன் தப்பித்தான். பாப்பாவுக்குக் குளியல் பத்து மணிக்கு, வெயில் வந்தபிறகு. வெயில் வராது, ஐப்பசி. அப்போதும் பத்து மணிக்குத்தான்.

பெரியம்மா ஒருத்தர் தேன் பாட்டிலோடு வருவார். நாக்கில் தொட்டு வைத்தால் பேச்சு இனிக்குமாம். எனக்கு வைத்தார்கள், பேச்சு எப்படி இருக்கிறது என்று நீயே பார்க்கிறாய். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தைச் சுரந்து உடம்பைத் துவளவைத்துவிடும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீபாவளி லேகியம் உனக்கு, பாப்பாவுக்கு அல்ல. இதையெல்லாம் நீ வாய் திறந்து சொல்லவேண்டாம். நான் சொல்கிறேன். "மூத்தவ ரொம்பத்தான் பண்றா" என்று ஏற்கெனவே எனக்குப் பெயர் இருக்கிறது. ஒரு பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். கை கழுவாமல் யாராவது தூக்க வந்தாலும், கன்னத்தில் முத்தம் வைக்கக் குனிந்தாலும் என்னைப் பார், நான் பார்த்துக்கொள்கிறேன். இருமல் உள்ளவர்களைத் திண்ணையோடு நிறுத்துவதும் என் வேலை.

வெடிதான் என் கைக்கு அடங்காத விஷயம். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டுகிற வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று விதி இருக்கிறது. நம் கூடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு திண்ணையும் ஒரு ரேழியும்தான். காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நம் அரசு நேரம் குறித்தது. நம் தெருவில் கடிகாரம் பார்த்துத் திரி கொளுத்தும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே பாப்பாவுக்கு இடம் பின்கட்டு அறை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, கதவிடுக்கில் ஒரு பழைய போர்வையைச் செருகிவிடலாம். சத்தமும் குறையும், புகையும் வராது. காதுக்குள் பஞ்சைத் திணிக்கவேண்டாம். சாம்பிராணியும் அன்றைக்கு வேண்டாம், ஊரே போடுகிற புகை போதும். பக்கத்து வீட்டுப் பையன்களிடம் சரவெடியைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோங்கள் என்று பேசிவைத்திருக்கிறேன். ரெண்டு பாக்கெட் முறுக்கு கைமாறியது.

பட்டுப்பாவாடை எடுத்தாச்சா? அத்தை எடுத்துவிட்டார், அதனால் கேட்கிறேன். பெரியவனுக்கு அன்றைக்குச் சரிகைக் கரை வைத்த குட்டி ஜிப்பா. பத்து நிமிஷத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. வீறிட்டுக் கத்தினான். பசி என்று மூன்று பேர் சொன்னார்கள், கண்ணு பட்டுவிட்டது என்று ரெண்டு பேர். நான் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஜிப்பாவைக் கழற்றிவிட்டு, துவைத்துத் துவைத்து நைந்துபோன என் அம்மா புடவைத் துணியில் சுற்றினேன். சட்டென்று அடங்கினான். உள்ளங்கையைத் திறந்து என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த தீபாவளி அந்த அரை மணி நேரம்தான், குறைசொல்ல முடியாது. பாப்பாவுக்குப் பாவாடையைப் போட்டு ஒரு படம் எடுத்துவிட்டு உடனே கழற்றிவிடு. பருத்திச் சட்டையின் ஓரத்தில் மஞ்சள் வைத்தாலும் அது புதுசுதான்.

இன்னொன்று கேட்கவேண்டும், போனில் கேட்க வாய் வரவில்லை. ராத்திரியில் அழுகிறாயா? எனக்குப் பிரசவம் ஆன புதிதில் காரணமே இல்லாமல் கண்ணீர் வந்தது. பத்துப் பதினைந்து நாளில் போய்விடும் என்றார்கள். எனக்குப் போகவில்லை. தீபாவளியன்று அந்த மூட்டை மேல் உட்கார்ந்து, இந்தப் பிள்ளையை யாரிடமாவது கொடுத்துவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கார்த்திகை பிறந்தபிறகுதான் டாக்டரிடம் சொன்னேன். நடுவில் போன அந்த ஒரு மாதம் வீண். ரெண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பலோ திமிரோ இல்லை, வைத்தியம் உள்ள நோய். உனக்கு அப்படி இருந்தால் தம்பியிடம் சொல், அல்லது என்னிடம். இப்போது 14416 என்று அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் இருக்கிறது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. எனக்கு அப்போது அப்படி ஒன்று இல்லை. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா தெரியாது. நீ கூப்பிடு.

அடுப்படிக்குள் வராதே. முறுக்கு, அதிரசம், ரவா உருண்டை எல்லாம் நீ வருவதற்குள் டின்னில் இருக்கும். தம்பியிடம் வேலை சொல்லப் பழகு. ராத்திரி ஒரு முறை துணி மாற்றினால் அவன் கை தேய்ந்துவிடாது. உன் மச்சாண்டார் இதைக் கற்றுக்கொள்ள ரெண்டாவது பிள்ளை வரவேண்டியிருந்தது.

ஒரு மாதம் இங்கே இருப்பாய் என்று அத்தை சொன்னார். அப்படியானால் துலாக்கட்டம், நம் காவிரிப் படித்துறை. 2017 கடைமுகத்தன்று, ஐப்பசி முழுக்கின் கடைசி நாளில், வீடு மொத்தமும் காவிரியில் முழுகப் போனது. என்னை வரச்சொல்லிக் கேட்டார்கள்தான், ஆனால் பிள்ளை அப்போதுதான் தூங்கியிருந்தான். ஈரத் தலையோடு அவர்கள் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றேன். ஐப்பசியெல்லாம் அடுத்த தெருவில் காவிரியை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட முழுகாதவள் என்று அந்த வருஷம் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான் இருந்திருப்பேன்.

இந்த வருஷம் கடைமுகம் நவம்பர் 16. அன்றைக்குக் கூட்டம் நெரியும், நீ போகவேண்டாம். மறுநாள் கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. உங்கள் பக்கம் இந்தக் கதை தெரியுமோ என்னவோ. ஐப்பசி முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து வந்த ஒரு முடவன், மாதம் முடிந்தபிறகுதான் மாயவரம் வந்து சேர்ந்தான். பிந்திவிட்டேனே என்று அழுதான். நீ முழுகு, உனக்கும் அதே பலன்தான் என்று மாயூரநாதர் சொன்னாராம். அதனால் மயிலாடுதுறையில் மட்டும் ஐப்பசிக்கு ஒரு நாள் கூடுதல். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்தும், அந்த நாள் யாருக்காக என்று எனக்குப் புரியாமலே இருந்திருக்கிறது.

பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு வருவோம். அவரிடம் கேட்டுவிட்டேன், "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். காலை பத்து மணிக்குப் போனால் போதும். படித்துறையில் நான் முன்னால் இறங்குகிறேன், பாசி வழுக்கும். போனைப் பெரியவனிடம் கொடுத்திருக்கிறேன். நந்தி மண்டபம் பின்னால் தெரிகிற மாதிரி உன்னை முழுசாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. இங்கே எதுவும் காயாது. உங்கள் அம்மாவிடம் கேட்டு, நைந்த பருத்திப் புடவைத் துணி கிடைக்கிற அத்தனையும் எடுத்து வா.

அன்புடன்,
மூத்தவள்