மிருதங்கத்துக்காக வேலையை விடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மிருதங்கம் வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு விடாதே.

உன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன மாதக் கச்சேரியில், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனத்தில், நீ வாசித்த திஸ்ர நடை, அந்த மும்மூன்றாகப் போகும் நடை, அவ்வளவு தெளிவாக வந்தது. முடிவுக்குக் கட்டியம் கூறும் மோராவை நெருங்கும்போதுதான் கை சோர்ந்தது. வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணிக்கணக்கில் வாசித்தால் அப்படித்தான் ஆகும். முழுநேரக் கலைஞனானால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் முக்கால் மணி நேரம் போதும், ஆனால் அது காலையில் இருக்கவேண்டும். ராத்திரி அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங் முடிந்த பிறகு என்று வைத்துக்கொண்டால் நடக்கவே நடக்காது.

மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவை பூசி, சுருதி சேர்ப்பதற்குள் நேரம் போய்விடுகிறது என்றாய். சரி, அவசர நாளில் ரவை வேண்டாம். இடது கையின் தொம் என்ற ஒலி வெறுமையாகத்தான் கேட்கும், பரவாயில்லை. முதல் காலத்தில் நிதானமாகத் தா தீ தொம் நம் பாடத்தை வாசி. விரலுக்கு அது போதும். கோர்வைகளை, அந்தக் கணக்குச் சொற்கட்டுகளை, கம்பெனி பஸ்ஸுக்கு வைத்துக்கொள். சோழிங்கநல்லூர் போய்ச் சேரும்வரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சொல்லிப் பார். வாயில் வராத சொல் கையிலும் வராது.

அப்புறம் பணம். வலது பக்கமான வலந்தலைக்குத் தோல் மூட்டு மாற்ற வேண்டுமென்றால் இன்று நீ யோசிக்காமல் மாற்றுகிறாய். பிடிக்காத கச்சேரியை வேண்டாம் என்று சொல்கிறாய். இந்தச் சுதந்திரம் உன் சம்பளத்தில் வந்தது. சபாக்களில் இளைஞர்களுக்குக் கிடைக்கும் மதியக் கச்சேரிச் சன்மானம் பெரும்பாலும் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டு வாடகை அதை நம்பியிருந்தால் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாது.

அமெரிக்க ராக் கலைஞர் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுப் போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் கருவிகள் வாங்கி, வீட்டின் நிலவறையில் ஒலிப்பதிவு செய்தார். அவருடைய பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பம் 1976-இல் வெளிவந்தது. அதற்கான பதிவு நடந்தபோதும் அவர் வேலையை விடவில்லை. நம் ஊரில் கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்டாகத் தேறியவர் என்பது உனக்கே தெரியும்.

மார்கழிக் கச்சேரி சீசனுக்கான விடுப்பைப் பற்றி உன் மேலாளரிடம் அக்டோபரிலேயே பேசிவிடு. எதற்கு என்பதை மறைக்காமல் சொல். கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் விடுமுறையில் இருப்பார்கள், அதனால் அவருக்கும் சம்மதிப்பது சுலபம். சீசனில் கிடைப்பதையெல்லாம் ஒப்புக்கொள்ளாதே. ஒத்திகை பார்க்க நேரமுள்ள கச்சேரிகளை மட்டும் எடுத்துக்கொள்.

வருகிற கச்சேரிகளுக்கே நாள் போதவில்லை, வீட்டுச் செலவுக்கும் கையில் இருக்கிறது என்ற நிலை வந்தால், வேலையை விடு என்று முதலில் சொல்பவன் நானாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மிருதங்கத்தோடு வீட்டுக்கு வா, அந்த மோராவைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்