அம்மம்மாவின் காணி

ஒட்டுசுட்டான்

அன்புள்ள மச்சான்,

ஆறு மாதமாக எழுதவில்லை, பிழை என்னுடையதுதான். வீட்டில் எல்லாரும் சுகம். மழை நேரத்துக்கு வந்தது, விதைத்துவிட்டோம். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாலை ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளை ‘வீ ஆர் ஹவிங் டூ கௌஸ்’ என்று எழுதினாள். வெட்டி ‘ஹவ்’ போட்டேன். “நேற்று ‘வீ ஆர் ஹவிங் லஞ்ச்’ சரி என்றீங்களே சேர்?” என்றாள். சாப்பிடுவது செயல், மாடு இருப்பது நிலை என்றேன். தலையாட்டினாள், ஆனால் விளங்கவில்லை. எனக்கு இரவு நித்திரையே இல்லை.

விடியப்புறம் பிடிபட்டது, மச்சான். எங்கள் பேச்சிலேயே இருக்கிறது! ‘நான் ஓடுகிறேன்’, ‘நான் சாப்பிடுகிறேன்’. ஆனால் ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேணும்’, ‘எங்களுக்கு இரண்டு மாடு இருக்கு’. செயலுக்கு நான், நிலைக்கு எனக்கு! ‘எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது’ என்று ஊரில் யாரும் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நோ (தெரியும்), லைக் (பிடிக்கும்), வான்ட் (வேணும்) மூன்றுக்கும், இப்போது நடப்பதைக் காட்டும் ‘இங்’ ஒட்டாததும் அதே மாதிரித்தான். எல்லாவற்றுக்கும் பொருந்தாது, ‘நான் நம்புகிறேன்’ என்றுதான் சொல்கிறோம், பிலீவுக்கும் ‘இங்’ வராது. திங்க் இரண்டு பக்கமும் நிற்கும்: ‘ஐ திங்க் ஹீ இஸ் ரைட்’ அபிப்பிராயம், ‘ஐ ஆம் திங்கிங்’ என்றால் மண்டை இப்போது வேலை செய்கிறது. என்றாலும் பிள்ளைகளுக்கு முதலில் பிடித்துக்கொள்ள ஒரு கொப்பு கிடைத்ததே!

அடுத்த நாள் சொன்னதும் வகுப்பே கலகலத்தது. பிறகு பின்வாங்கில் இருக்கிற பெடியன் ‘தி லாண்ட் இஸ் பிலோங்கிங் டு மை கிராண்ட்மதர்’ என்று எழுதிக் காட்டினான். தமிழில் சொல்லு என்றேன். “காணி அம்மம்மாவுக்குச் சொந்தம், சேர்.” வினையே இல்லை, பார்த்தாயா? ‘பிலோங்ஸ்’ என்று திருத்தினேன். அவன் உட்காரவில்லை. “2009இல அம்மம்மா முகாமில இருக்கேக்கையும் அப்படித்தானா, சேர்?”

ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்பவும் அப்படித்தான் தம்பி, அந்தச் சொல்லுக்கு அங்கே நின்று யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்றேன். அவன் கொப்பியில் அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நீ வவுனியாவில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய்? ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹங்கிரி’, அங்கே பசி வினையாக வரவில்லை. நாளைக்கு யாராவது கேட்பார்கள். வேறு கதை சொல்லித் தப்பாமல் உடனே எழுது.

உன்,
மச்சான்